சரக்கு ரயில் வரைபடத்தில் கிருஷ்ணகிரி ஏன் வெற்றிடமாக இருக்கிறது?

தருமபுரி மாவட்டத்தில் இரண்டு ரயில் பாதைகள் ஓடுகின்றன. கிழக்கே மொரப்பூர், பொம்மிடி வழியாகப் போவது ஜோலார்பேட்டை – சேலம் இரட்டைப் பாதை. மேற்கே ஓமலூரில் பிரிந்து தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் என்று பெங்களூரு நோக்கி ஏறுவது ஒற்றைப் பாதை. முதலாவது தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் வருகிறது. இரண்டாவதில் தருமபுரியும் ஓசூரும் தமிழ்நாட்டு ஊர்கள்தான் என்றாலும், அவை ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கின்றன. இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவே கிருஷ்ணகிரி நகரம். மாவட்டத் தலைநகர், பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊர், ஆனால் ரயில் நிலையம் கிடையாது.

நாடு முழுவதும் கூட்ஸ் வண்டிகள் எதை, எங்கிருந்து, எங்கே கொண்டுபோகின்றன என்று ஒரு வரைபடம் போட்டால் இந்த மூன்றும் மூன்று விதமாகத் தெரியும். மொரப்பூர் பாதை தடித்த கோடு. தருமபுரி பாதை மெல்லிய கோடு. கிருஷ்ணகிரியில் வெறும் காகிதம். புதிய பாதை எங்கே போடுவது, எந்தப் பாதையை இரட்டிப்பது, எந்த ஊருக்குச் சரக்கு முனையம் கொடுப்பது என்ற முடிவுகள் எல்லாம் இப்படிப்பட்ட வரைபடங்களை மேசையில் விரித்து வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. அதனால் அந்தத் தடிமன் எப்படி வருகிறது, அந்த வெற்றிடம் எதைச் சொல்கிறது என்று இந்த இரு மாவட்டக்காரர்கள் தெரிந்துகொள்வது அவசியம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரயில்வே தன் பதிவேடுகளை மட்டும் வைத்து வரையும் வரைபடம், ரயில் இல்லாத ஊரில் சரக்கே இல்லை என்றுதான் எப்போதும் சொல்லும்.

தடித்த கோடு: மேட்டூருக்குப் போகும் நிலக்கரி

மொரப்பூர் ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு நிலக்கரி வண்டி பழக்கமான காட்சி. மேலே திறந்த, ‘பாக்ஸ் என்’ வகை வேகன்கள் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது ஒரே நீளமாகப் போகும். ரயில்வேக்காரர்கள் இந்த முழுத் தொடரையும் ‘ரேக்’ என்பார்கள். ஒரு வேகனில் சுமார் 70 டன் என்றால் ஒரு ரேக்கில் ஏறத்தாழ 4,000 டன்.

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும், 600 மெகாவாட் அலகு ஒன்றும் இருக்கின்றன. மொத்தம் 1,440 மெகாவாட். எல்லாம் ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் சுமார் 3.45 கோடி யூனிட் மின்சாரம் வரும். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 24,000 டன் வேண்டும். அதாவது ஆறு ரேக். உள்ளே வந்த ஆறும் காலியாகத் திரும்பவும் வேண்டும். எல்லா அலகுகளும் எல்லா நாளும் முழு வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் குறைவு. ஆனாலும், ஒரே ஒரு மின் நிலையம் ஒரு பாதையின் வரைபடத் தடிமனை எப்படித் தீர்மானிக்கிறது என்று இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இந்த நிலக்கரி வரும் வழியும் கவனிக்க வேண்டியது. மேட்டூருக்கான நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் பகுதிச் சுரங்கங்களில் ரயில் ஏறி, பாராதீப் துறைமுகத்தில் இறங்கி, கப்பலில் எண்ணூர் வந்து, அங்கே மறுபடி ரயில் ஏறி ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம், ஓமலூர் வழியாக மேட்டூர் போய்ச் சேர்கிறது. ரயில்வே கணக்கில் இவை இரண்டு தனித்தனிப் பயணங்கள். தால்சேரில் ஏற்றிய ஒரு டன் அங்கே ஒரு முறையும் எண்ணூரில் இன்னொரு முறையும் எண்ணப்படும். ரயில்வே நாடு முழுவதும் ஏற்றிய மொத்தச் சரக்குக் கணக்கில் அது இரண்டு டன் ஆகிவிடுகிறது. நடுவில் உள்ள கடல் பயணம் ரயில் வரைபடத்தில் வரவே வராது. ஒடிசாவையும் மேட்டூரையும் இணைக்கும் கோடு என்று ஒன்றை நாம் தேடினால் கிடைக்காது. கிடைப்பது தொடர்பில்லாத இரண்டு துண்டுகள்.

2024-25ஆம் நிதியாண்டில் இந்திய ரயில்வே ஏற்றிய சரக்கு சுமார் 161 கோடி டன். அதில் ஏறத்தாழ பாதி நிலக்கரிதான். எந்த அளவுகோலில் வரைந்தாலும் நிலக்கரி மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நிலக்கரிக்கு ஒரு வரைபடமும், அது நீங்கலாக மற்றச் சரக்குகளுக்கு வேறொரு வரைபடமும் போடுவார்கள். இரண்டாவதைப் பார்த்தால்தான் நெல், உரம், சிமென்ட், எஃகு எல்லாம் எங்கே போகின்றன என்று கண்ணுக்குத் தெரியும்.

கோட்டின் அகலம் என்ற யோசனை

போக்குவரத்தின் அளவைக் கோட்டின் அகலமாகக் காட்டும் முறை கிட்டத்தட்ட ரயிலின் வயதுடையது. அயர்லாந்தில் ரயில் பாதைகளை எங்கே போடுவது என்று ஆராய்ந்த ஆணையத்துக்காக ஹென்றி ட்ரூரி ஹார்னஸ் என்ற ராணுவப் பொறியாளர் 1837இல் வரைந்த வரைபடங்கள் இதில் முன்னோடி. அப்போது அயர்லாந்தில் ரயில் பாதை பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் வரைந்தது சாலையிலும் கால்வாயிலும் ஓடிக்கொண்டிருந்த ஆட்களையும் சரக்கையும். அதாவது, ரயில் எங்கே வேண்டும் என்ற கேள்விக்கு, ரயில் அல்லாத போக்குவரத்தை வரைந்து விடை தேடினார்கள். கிருஷ்ணகிரி விஷயத்துக்கு வரும்போது இது மறுபடி தேவைப்படும்.

பிறகு 1840களில் பிரான்சில் சார்ல் ஜோசப் மினார் என்ற பொறியாளர் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். இத்தனை மில்லிமீட்டர் அகலம் என்றால் இத்தனை டன் என்று கணக்காக வரைந்தார். இன்று கணினி மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் அதுவேதான். மாறியது தகவல் வரும் வழி.

ஒரு ஆர்.ஆர்., ஒரு வேகன் எண்

சரக்கு ரயிலில் ஏற்றியதும் ரயில்வே தரும் ரசீதை எல்லோரும் ‘ஆர்.ஆர்.’ என்றே சொல்கிறார்கள். அனுப்புபவர், பெறுபவர், ஏற்றிய நிலையம், சேரும் நிலையம், என்ன சரக்கு, எத்தனை வேகன், எவ்வளவு எடை, கட்டணத்துக்கான தூரம் எல்லாம் அதில் இருக்கும். முன்பு காகிதத்தில் எழுதியது இப்போது எஃப்.ஓ.ஐ.எஸ். என்ற கணினி அமைப்பில் பதிவாகிறது. 1986இல் தொடங்கப்பட்ட ‘கிரிஸ்’ என்ற ரயில்வே தகவல் தொழில்நுட்ப நிறுவனம் இதை நடத்துகிறது. ரேக் எங்கே இருக்கிறது, ஏற்றப்பட்டதா, காலியா, எந்த நிலையத்தைத் தாண்டியது என்பதெல்லாம் அதில் ஏறிக்கொண்டே இருக்கும்.

வேகனின் பக்கவாட்டில் வெள்ளையில் எழுதியிருக்கும் பதினோரு இலக்க எண்ணைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அதற்கடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் அந்த வேகனுக்கே உரிய எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்: முந்தைய பத்தையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும், வராவிட்டால் யாரோ எண்ணைத் தவறாகக் குறித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வெயிலிலும் மழையிலும் நின்று ஐம்பதுக்கு மேற்பட்ட வேகன்களின் எண்ணைக் கையால் குறித்த காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். இப்போது வேகன்களில் ரேடியோ அலை அட்டைகளைப் பொருத்தி, பாதையோரக் கருவி தானே படித்துக்கொள்ளும்படி செய்து வருகிறார்கள்.

ஆக, ரயில்வேயிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரசீதில் தெளிவாக இருப்பது இரண்டு முனைகள்தான். நடுவில் எந்தப் பாதையில் போனது என்பதை வரைபடம் போடுபவர் வேறு பதிவுகளிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊகிக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மேட்டூர் பக்கத்தில் பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. இரும்பாலையை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் பல்லாரி வட்டாரத்திலிருந்து அங்கே இரும்புத் தாது வருகிறது என்றால், பெங்களூரு வரை சரி, அதற்கு அப்புறம் இரண்டு வழி. ஓசூர், தருமபுரி வழியாக வந்தால் பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் சுமார் 200 கிலோமீட்டர். ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகச் சுற்றினால் சுமார் 265. தூரத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு தருமபுரி பாதையில் தடிமனாக ஒரு கோட்டைப் போட்டுவிடும். ஆனால் அது ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்காக லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். பயணிகள் ரயில்களுக்கு வழிவிட வேண்டும். அதோடு தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே மலைப் பகுதி. 2021 நவம்பரில் கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் சரிந்து விழுந்த பாறைகளில் மோதித் தடம் புரண்டது அங்கேதான். இரட்டைப் பாதையில் 65 கிலோமீட்டர் சுற்றிப் போவது ஒரு நாள் லாபமாக இருக்கலாம், இன்னொரு நாள் குறுக்கு வழியே காலியாக இருக்கலாம். அந்தந்த நேரத்து நெரிசலைப் பார்த்துக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. நெரிசலான பாதைகளைத் தவிர்க்க, குறிப்பிட்ட சரக்குகள் இன்ன வழியாகத்தான் போக வேண்டும் என்று ரயில்வே வாரியம் அவ்வப்போது ஆணை போடும். அப்படி ஆணையிட்ட வழிக்கே கட்டணமும் கணக்கிடப்படும். மற்றபடி குறுக்கு வழித் தூரத்துக்குத்தான் கட்டணம், வண்டி எப்படிச் சுற்றிப் போனாலும். எனவே ரசீதில் உள்ள கிலோமீட்டரும் சக்கரம் உருண்ட கிலோமீட்டரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வருமானத்தை வைத்து வரைந்த வரைபடத்தையும், ஓட்டத்தை வைத்து வரைந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில பாதைகளின் தடிமன் இடம் மாறியிருக்கும்.

மெல்லிய கோட்டில் என்ன போகிறது

தருமபுரி ரயில் நிலையத்துக்கு வரும் சரக்கில் இரண்டு வகை அடிக்கடி உள்ளூர்ச் செய்தியாகும். ஒன்று டெல்டா மாவட்டங்களிலிருந்து அரவைக்கு வரும் நெல். இன்னொன்று உரம்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கேழ்வரகு விளையும் மானாவாரிப் பூமி. ரேஷன் அரிசிக்குத் தேவையான நெல் இங்கே போதிய அளவு விளையாது. நுகர்பொருள் வாணிபக் கழகம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கொள்முதல் செய்த நெல்லைச் சரக்கு ரயிலில் இங்கே அனுப்புகிறது. மூடிய வேகன்கள் நாற்பத்திரண்டு கோத்த ஒரு ரேக்கில் சுமார் 2,000 டன் நெல் வரும். வண்டி வந்து நின்றதும் கதவைத் திறந்து, சுமைப்பணித் தொழிலாளர்கள் மூட்டைகளை லாரிகளில் மாற்றுவார்கள். ரேக்கைக் குறித்த நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால் வேகன்களை நிறுத்திவைத்ததற்கு ரயில்வே கட்டணம் போடும் என்பதால், வேலை தொடங்கினால் ராத்திரி பகல் பார்க்காமல் நடக்கும். அங்கிருந்து நெல் கிடங்குக்கும், பிறகு அரவை ஆலைகளுக்கும், அரிசியாக ரேஷன் கடைகளுக்கும் போகும்.

வரைபடத்தில் இது தருமபுரியில் முடியும் ஒரு கோடு. நெல்லுக்கு அங்கே முடிவு இல்லை. உரமும் அப்படித்தான்: தருமபுரி நிலையத்தில் இறங்குவதில் ஒரு பகுதி லாரியேறிக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போகிறது. பதிவேட்டைப் பொறுத்தவரை கிருஷ்ணகிரிக்கு ஒரு மூட்டை உரமும் ரயிலில் வரவில்லை. தருமபுரி விவசாயி மட்டும்தான் உரம் போடுகிறார் என்ற தோற்றம். வரைபடம் காட்டுவது சரக்கு ரயிலை விட்டு இறங்கிய இடத்தை. அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

ஓசூரில் இந்தக் கோளாறு மாநில எல்லையையே தாண்டுகிறது. ஓசூர் தொழிற்சாலையில் கட்டிய கன்டெய்னர் ஒன்று லாரியில் பெங்களூரு வொயிட்ஃபீல்டு கன்டெய்னர் முனையத்துக்குப் போய், அங்கே ரயிலேறித் துறைமுகத்துக்குப் போனால், ரயில் கணக்கில் அது கர்நாடகச் சரக்கு. மாநிலங்களுக்கு இடையே ரயிலில் போன சரக்குகளை வணிகப் புள்ளிவிவர இயக்ககம் கொல்கத்தாவிலிருந்து தொகுத்து வெளியிடுகிறது. அதில் மாநிலங்களும் பெரிய துறைமுகங்களும்தான் அலகு. தமிழ்நாட்டுக்கு வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று கிடைக்கும். அதற்குள் தருமபுரி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஓசூரிலிருந்து கிளம்பி வொயிட்ஃபீல்டில் ரயிலேறியது எவ்வளவு என்று கேட்கவே முடியாது.

நிலையம் வாரியான விவரத்தைப் பொதுவில் வைக்கத் தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. ஒரே ஒரு ஆலை மட்டும் பயன்படுத்தும் நிலையம் என்றால், அந்த நிலையத்தின் கணக்கு அந்த ஆலையின் வியாபார ரகசியம். அமெரிக்காவில் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். அங்கே ரயில் நிறுவனங்கள் தனியார். ஆண்டுக்கு 4,500 வேகன்களுக்கு மேல் கையாளும் நிறுவனங்கள் தங்கள் ரசீதுகளில் ஒரு மாதிரியை அரசு வாரியத்திடம் கொடுக்க வேண்டும். வாரியம் அதில் யாருடைய சரக்கு என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஊர்களைப் பெரிய வட்டாரங்களாகத் திரட்டி, பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு பிரதியை வெளியிடுகிறது. முழு விவரம் வேண்டும் ஆய்வாளர்கள் தனியாக அனுமதி பெற வேண்டும். நம் நாட்டில் பயணிகள் ரயில் எங்கே வருகிறது என்று கைபேசியில் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிறோம். சரக்கு ஓட்டத்தைப் பற்றி, வட்டார அளவிலாவது, ஆறு மாதம் கழித்தாவது, ஒரு பிரதி பொதுவில் வந்தால் எந்த ரகசியமும் கெட்டுவிடாது என்று நான் நினைக்கிறேன். மாவட்டத் திட்டமிடலுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

எதை அளப்பது

டன் என்பது எவ்வளவு ஏற்றினோம் என்று சொல்லும். டன்-கிலோமீட்டர் அதை எவ்வளவு தூரம் சுமந்தோம் என்று சொல்லும். ரயில்வேயில் ஒரு டன் சரக்கு சராசரியாக 600 கிலோமீட்டர் அளவில் பயணிக்கிறது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு இந்த இரண்டும் போதாது. இன்ஜின், வேகன், பயணிகள் பெட்டி எல்லாவற்றின் எடையையும் சேர்த்து ஒரு பாதைமேல் ஓராண்டில் ஓடிய மொத்த எடை அவர்களுக்கு வேண்டும். தேய்மானம் காலி வேகனுக்கும் உண்டு அல்லவா? இயக்குபவர்களுக்கோ எடை முக்கியமில்லை, ஒரு நாளில் அந்தப் பாதையில் எத்தனை வண்டி ஓட்ட முடியும், எத்தனை ஓடுகிறது என்பதுதான் கணக்கு. தருமபுரி பாதை டன் வரைபடத்தில் மெல்லியதாகத் தெரிந்தாலும், வண்டி எண்ணிக்கைக்கும் பாதையின் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தில் வரைந்தால் அதே பாதை நெரிசலானதாகத் தெரியக்கூடும். ஒற்றைப் பாதையின் நிலைமை அப்படி. எந்த அளவில் வரைந்தது என்று ஓரத்தில் எழுதாத வரைபடத்தை நம்பக்கூடாது.

காலி ஓட்டத்தைத் தனியாகக் காட்டுவதும் முக்கியம். நிலக்கரி இறக்கிய திறந்த வேகனில் நெல் மூட்டை ஏற்ற முடியாது. மேட்டூரிலிருந்து எண்ணூர் திரும்பும் ரேக் மொரப்பூரைக் காலியாகவே கடக்கிறது. இரு திசையையும் ஒரே கோட்டில் கூட்டிக் காட்டினால், எதிர்த்திசையில் இவ்வளவு இடம் சும்மா போகிறது என்ற விவரம் மறைந்துவிடும்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறுவை அறுவடையும் சம்பா அறுவடையும் முடிந்த மாதங்களில் நெல் ரேக் வரும். உரம் மழைக்கு முன்னால் வரும். மாம்பழக்கூழ் ஆலைகள் மே முதல் ஜூலை வரைதான் முழு மூச்சில் ஓடும். ஓராண்டுச் சராசரியில் இவையெல்லாம் கரைந்துபோகும்.

வெறும் காகிதம்

கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது. 1876–78 பெரும் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதன் பகுதிகள். தானியம் ஓர் இடத்தில் இருந்தும் பட்டினி கிடக்கும் ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை என்பதைப் பார்த்த பிறகு, 1880இல் பஞ்ச ஆணையம், பஞ்சத்திலிருந்து காப்பதற்கான ‘பாதுகாப்பு’ ரயில் பாதைகளைப் பரிந்துரைத்தது. அந்த வகையில் வந்தவைதான் 1905இல் திறந்த திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி குறுகிய பாதையும், 1906இல் திறந்த மொரப்பூர் – தருமபுரி குறுகிய பாதையும். தருமபுரியிலிருந்து அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரி பாதை 1936இல் மூடப்பட்டது. மொரப்பூர் – ஓசூர் பாதை 1941இல், போர்க்காலத்தில் மூடப்பட்டது. தருமபுரிக்கும் ஓசூருக்கும் பின்னாளில் சேலம் – பெங்களூரு பாதையாக ரயில் திரும்பி வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவில்லை.

அந்தப் பாதைகளைப் போட்டவர்கள் லாபக் கணக்கில் போடவில்லை. பஞ்சம் வந்தால் தானியம் எங்கே போக வேண்டும் என்ற தேவையின் வரைபடம் அவர்கள் கையில் இருந்தது. இன்று ஒரு புதிய பாதைக்கு ஆய்வு செய்தால், எதிர்பார்க்கும் சரக்கும் பயணிகளும் எவ்வளவு, முதலீட்டுக்கு எத்தனை சதவீத வருவாய் என்று பார்க்கிறார்கள். நெடுங்காலம் 14 சதவீதம் என்பது வரம்பாக இருந்தது. கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து, ஆய்வு என்ற இடத்திலேயே சுற்றி வருவதற்கு இந்த வருவாய்க் கணக்கு ஒரு முக்கியக் காரணம். வருவாயைக் கணிக்க இருக்கும் சரக்கைப் பார்க்க வேண்டும். இருக்கும் ரயில் சரக்கு பூஜ்யம்.

இது கிருஷ்ணகிரியோடு நிற்கிற விஷயம் இல்லை. டெல்லி, மும்பை, சென்னை, ஹவுராவை இணைக்கும் நாற்கரமும் அதன் மூலைவிட்டங்களும் பாதை நீளத்தில் 16 சதவீதம்தான், ஆனால் சரக்கில் 58 சதவீதத்தைச் சுமக்கின்றன. அதனால் தனிச் சரக்குப் பாதைகள் அங்கே போடப்பட்டன: லூதியானா – சோன்நகர் 1,337 கிலோமீட்டர், தாத்ரி – ஜவஹர்லால் நேரு துறைமுகம் 1,506 கிலோமீட்டர். நெரிசலைக் குறைக்கும் நோக்கத்தில் அந்த முடிவு சரியானதுதான். ஆனால் தடித்த கோட்டைப் பார்த்து முதலீடு போனால் தடித்த கோடு மேலும் தடிக்கும். 2020இல் வந்த தேசிய ரயில் திட்டம், நாட்டின் சரக்கில் ரயிலின் பங்கை 27 சதவீதத்திலிருந்து 2030க்குள் 45 ஆக்க வேண்டும் என்றது. அந்தக் கூடுதல் சரக்கு இன்று லாரியில் போகிறது. ரயில்வேயின் பதிவேட்டில் அதைத் தேடிப் பயனில்லை.

சரி, லாரியில் என்ன போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைய மத்திய திட்டக் குழுவுக்காக, ரயில்வேயின் ஆலோசனை நிறுவனமான ரைட்ஸ் 2007-08ஐ அடிப்படை ஆண்டாக வைத்து ரயில், சாலை, கடலோரக் கப்பல், குழாய்ப் பாதை எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆய்வு செய்தது. சாலையோரம் லாரிகளை நிறுத்தி எங்கிருந்து எங்கே என்று கேட்டுத் தொகுக்க வேண்டிய காலம் அது. இப்போது சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டாக் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தொப்பூர் பக்கத்திலும் கடக்கும் ஒவ்வொரு லாரியும் பதிவாகிறது. ஆனால் லாரி தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இ-வே பில், அதாவது சரக்கை அனுப்பும்போது ஜி.எஸ்.டி. முறையில் எடுக்கும் மின்னணுச் சீட்டு, அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் பொருள், புறப்படும் இடத்தின் அஞ்சல் குறியீட்டு எண், சேரும் இடத்தின் எண், தூரம் எல்லாம் அதில் உண்டு. வரிவிலக்குள்ள சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. ஆகவே தோப்பிலிருந்து போகும் மாம்பழமும் ராயக்கோட்டைத் தக்காளியும் அதில் வராது. மாம்பழக்கூழ் டிரம் வரும், கிரானைட் வரும், ஓசூர் உதிரிபாகங்கள் வரும்.

இந்தச் சரக்கு எல்லாம் ரயிலுக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 260 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு ஆலை வாசலில் ஏற்றித் துறைமுக வாசலில் இறக்கும் லாரியை ரயில் வெல்வது கடினம். இரண்டு முனையிலும் ஏற்றி இறக்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். கூழும் கிரானைட்டும் ரயிலுக்கு வரும் என்று மேடையில் பேசுவது எளிது, கணக்கில் நிற்காது. என் பார்வையில் இந்த மாவட்டத்துக்கு உண்மையான ரயில் சரக்கு வெளியே போவதில் இல்லை, உள்ளே வருவதில் இருக்கிறது: வட மாநிலங்களிலிருந்து கோதுமை, தொலைவிலிருந்து உரம், ஓசூர் ஆலைகளுக்கு எஃகு. இவை நெடுந்தூரம் வருபவை, மொத்தமாக வருபவை. இன்று தருமபுரியிலோ சேலத்திலோ பெங்களூரிலோ இறங்கி லாரியேறுபவை. வரைபடத்தில் கிருஷ்ணகிரிக்குக் கோடு போட வேண்டுமானால் அந்த மூன்று ஊர்களின் தடிமனிலிருந்து பிரித்தெடுத்துத்தான் போட வேண்டும்.

மொரப்பூர் – தருமபுரி 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். தருமபுரியிலிருந்து ரயிலில் மொரப்பூர் போக வேண்டுமானால் இன்று ஓமலூர், சேலம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். அந்த இணைப்பு முடிந்தால் மாறப்போவது தருமபுரியின் கணக்கு மட்டும் இல்லை. ஓசூருக்கும் சென்னைக்கும் இடையே ஜோலார்பேட்டை வழியாக ஒரு புது வழி திறக்கும். சேலத்தையும் பெங்களூரையும் தொடாமல் ரேக்குகளைத் திருப்பலாம். வேறு எங்கோ ஓடும் கோடுகளின் அகலம் மாறும். இந்த 36 கிலோமீட்டரின் பயனை அதன் இரு முனைகளில் ஏறி இறங்கும் டன்னை வைத்து மதிப்பிட்டால் பாதிக்கு மேல் விட்டுப்போகும்.

அடுத்த முறை கிருஷ்ணகிரி பாதைக்கு ஆய்வு என்று அறிவிப்பு வந்தால், மாவட்டத் தொழில் சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும் கேட்க வேண்டியவை சில உண்டு. 635001, 635109 போன்ற அஞ்சல் எண்களுக்கு உள்ளே வந்த இ-வே பில் சரக்கு, பொருள் வாரியாக, 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது எவ்வளவு? தருமபுரி நிலையத்தில் இறங்கிய உரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போனது எவ்வளவு? இந்த இரண்டாவது விவரம் வேளாண்துறையின் ஒதுக்கீட்டுப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். சாலையோரக் கணக்கெடுப்பு நடத்தினால் கூழ் ஆலைகள் ஓடும் ஜூன் மாதத்தில் ஒரு வாரம், நெல் நகரும் பிப்ரவரியில் ஒரு வாரம் என்று இரண்டு முறையாவது நடத்த வேண்டும். வேறு ஏதோ ஒரு மாதத்தில் மூன்று நாள் நின்று எண்ணிய லாரிகளை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிய அறிக்கையை ஏற்கக் கூடாது.